துப்பாக்கி வேலைக்கு எந்த லேத்? முதலில் துளையைப் பாருங்கள்

லேத் என்ற கடைசல் இயந்திரம் வாங்கப் போகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது இரண்டு கேள்விகள். எவ்வளவு பெரிய உருப்படி சுழலும்? எவ்வளவு நீளம் பிடிக்கும்? பொதுவான பட்டறை வேலைக்கு இந்த இரண்டும் போதும். துப்பாக்கி பழுதுபார்க்கும் வேலைக்கு என்று வாங்கினால் மூன்றாவதாக ஓர் அளவு உண்டு, அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். லேத்தின் இடது பக்கப் பெட்டியான ஹெட்ஸ்டாக்கின் நடுவே போகிற துளையின் விட்டம் எவ்வளவு? விவரத்தாளில் இது எங்கேயோ நடுவில் பொடி எழுத்தில் கிடக்கும். இதைக் கவனிக்காமல் வாங்கிவிட்டு, முதல் குழலை மாட்டும் நாளில் அது உள்ளே போகவில்லை என்று கண்டுபிடிப்பவர்கள் நிறைய.

தொடங்கும் முன் ஒன்று. பல நாடுகளில் துப்பாக்கியைத் தயாரிக்கவும் பழுதுபார்க்கவும் தொழில் உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் செய்தால் அது குற்றம். உங்கள் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் இயந்திரத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். இங்கே நான் எழுதுவது லேத்தைப் பற்றி மட்டும். நீளமான, மெல்லிய, நடுவில் துளை உள்ள எந்த உருப்படியைக் கடைபவருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

புதியவர்களுக்காக லேத் என்றால் என்ன என்று சுருக்கமாகச் சொல்கிறேன். உருப்படி சுழலும், டூல் அதன் ஓரமாக நகர்ந்து சீவும். இடது கைப்பக்கம் இருக்கும் பெட்டி ஹெட்ஸ்டாக். அதற்குள் சுழலும் தண்டு ஸ்பிண்டில். ஸ்பிண்டிலின் மூக்கில் சக் மாட்டியிருக்கும், அதுதான் உருப்படியைக் கவ்விப் பிடிக்கும். வலது பக்கம் நகர்த்தி வைக்கக்கூடியது டெயில்ஸ்டாக். இரண்டையும் தாங்குகிற நீண்ட இரும்பு மேடை பெட். பெட்டின் மேல் முன்னும் பின்னும் ஓடுவது கேரேஜ், அதன் மேலே டூல் உட்காரும். மரை, அதாவது திருகின் புரி, வெட்டும்போது கேரேஜைச் சீரான வேகத்தில் இழுத்துப் போவது லீட் ஸ்குரூ. ஸ்பிண்டில் ஒரு குழாய் மாதிரி, நடுவில் துளை இருக்கும். நம் பேச்சு அந்தத் துளையைப் பற்றியது.

சரி, அந்தத் துளை ஏன் அவ்வளவு முக்கியம்?

ரைஃபிள் குழல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் பெரும்பாலும் 20 முதல் 26 அங்குலம், அதாவது 50 முதல் 66 செ.மீ. பின்முனை தடிமனாக இருக்கும். இன்னும் கடையாத கனமான குழலாக இருந்தால் விட்டம் ஒன்றேகால் அங்குலம் வரை, சுமார் 32 மி.மீ. வரும். வேலை நடப்பதெல்லாம் முனைகளில்தான். பின்முனையில் மரை வெட்ட வேண்டும், தோட்டா உட்காரும் அறையைச் சரிசெய்ய வேண்டும். முன்முனை அடிபட்டிருந்தால் அதைச் சீவி மட்டமாக்க வேண்டும். அரை மீட்டர் நீளமுள்ள ஒன்றின் நுனியில் நுணுக்கமான வேலை செய்ய இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, குழலை ஸ்பிண்டில் துளைக்குள் முழுவதும் நுழைத்து, வேலை செய்யவேண்டிய முனையை மட்டும் சக்குக்கு வெளியே ஓரிரு அங்குலம் நீட்டிப் பிடிப்பது. மற்றது, குழலை பெட்டின் மேலே நீளமாக வைத்து, ஒரு பக்கம் சக்கிலும் மறுபக்கம் ஸ்டெடி ரெஸ்ட் என்ற தாங்கியிலும் பிடித்துக்கொள்வது. துளை சிறிதாக இருந்த பழைய லேத்களில் இந்த இரண்டாவது வழியில்தான் வேலை நடந்தது. நல்ல வேலையும் நடந்தது. ஆனால் தாங்கி உட்காரும் இடம் துல்லியமான வட்டமாக இருக்க வேண்டும், தாங்கியின் விரல்கள் அந்த இடத்தில் தேய்த்துத் தடம் போடும், டெயில்ஸ்டாக் இம்மியும் விலகாமல் நேராக நிற்க வேண்டும். கற்றுக்கொள்பவருக்கு முதல் வழிதான் எளிது, உறுதியும் அதில்தான் அதிகம்.

அந்த உறுதிக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு முனையில் பிடித்த கம்பியின் மறுமுனையை அழுத்தினால் அது வளையும் அளவு நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். வெளியே நீட்டியிருப்பதை இரண்டு மடங்காக்கினால் வளைவு எட்டு மடங்காகும். இரண்டு அங்குலம் நீட்டிய குழலில் டூல் சுத்தமாகச் சீவும். அதே டூல், அதே வேகம், ஆறு அங்குலம் நீட்டினால் உருப்படி கிறீச்சிடும், மேற்பரப்பில் அலை அலையாகக் கோடு விழும்.

ஆக, துளை எவ்வளவு வேண்டும்? குறைந்தது 35 மி.மீ., முடிந்தால் 38 முதல் 40 மி.மீ. 32 மி.மீ. குழல் உள்ளே போய், அதை நகர்த்திச் சரிசெய்யச் சுற்றிலும் கொஞ்சம் இடமும் வேண்டுமல்லவா? அந்த இடைவெளிக்காகத்தான் இந்தக் கூடுதல்.

இதில் எவ்வளவு எளிதாக ஏமாறலாம் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் போதும். அமெரிக்காவில் 1906-இல் தொடங்கிய சவுத் பெண்ட் நிறுவனத்தின் லேத்கள் துப்பாக்கி வேலைக்காரர்களிடம் நெடுங்காலமாகப் பெயர் பெற்றவை. அதில் 10 அங்குல லேத் (10 அங்குல விட்டமுள்ள உருப்படி வரை சுழலக்கூடியது) என்று சொல்லப்படுவதிலேயே 10கே என்ற லேசான மாடலும் உண்டு, ‘ஹெவி 10’ என்று அழைக்கப்படும் 10எல் என்ற கனமான மாடலும் உண்டு. முதலாவதின் துளை முக்கால் அங்குலத்தை ஒட்டியது, ஏறக்குறைய 19 மி.மீ. இரண்டாவதின் துளை 1 3/8 அங்குலம், கிட்டத்தட்ட 35 மி.மீ. ‘பத்து இன்ச் சவுத் பெண்ட்’ என்று விற்பவர் சொன்னால் அது இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். ஒன்றில் குழல் நுழையும், மற்றதில் விரல்தான் நுழையும். மேசை மேல் வைக்கிற மினி லேத்களின் துளையும் பெரும்பாலும் 20 மி.மீ. அளவுதான்.

அதனால் பழைய லேத்தைப் பார்க்கப் போகும்போது கையில் ஒரு துண்டுக் குழாயோ கம்பியோ கொண்டுபோங்கள். உங்களுக்கு வேண்டிய விட்டத்தில் ஒன்று போதும். ஸ்பிண்டிலின் இடது முனை வழியாக உள்ளே விட்டுப் பாருங்கள். முன்பக்கம் மூக்கில் இருந்து அளந்தால் அங்கே சரிவான பள்ளம் இருக்கும், அது அகலமாகத் தெரியும், அளவு தப்பாக வரும். கம்பி ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியே வந்தால் சந்தேகமே இல்லை.

துளைக்கு அடுத்தது ஹெட்ஸ்டாக்கின் நீளம். இதைப் பலர் யோசிப்பதே இல்லை. குழலின் மறுமுனை ஸ்பிண்டிலின் இடது பக்கம் வெளியே எட்டிப் பார்த்தால்தான் அதை அங்கே பிடிக்க முடியும். சக்கின் முகத்தில் இருந்து ஸ்பிண்டிலின் இடது முனை வரை 45 செ.மீ. இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 50 செ.மீ. குழல் அதில் இழுத்துப் பிடித்துத்தான் பொருந்தும். பெரிய தொழிற்சாலை லேத்களில் துளை தாராளமாக இருக்கும், ஆனால் ஹெட்ஸ்டாக் அவ்வளவு நீளமாக இருப்பதால் குழலின் மறுமுனை உள்ளேயே மறைந்துபோகும். இந்த வேலைக்குப் பெரிய லேத்தை விட, அகலத் துளையும் குட்டை ஹெட்ஸ்டாக்கும் கொண்ட நடுத்தர லேத்தே மேல். துப்பாக்கி வேலைக்கு என்றே விற்கப்படும் லேத்களில் 12 அங்குலச் சுழல்விட்டமும் 36 அங்குல நீளமும் கொண்ட வகை அதிகம் தென்படுவதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

இடது முனையில் குழலை எப்படிப் பிடிப்பது? அதற்கு ஸ்பைடர் என்று ஓர் எளிய உறுப்பு உண்டு. ஸ்பிண்டிலின் பின்முனையில் ஒரு வளையம், அதில் நாலு பக்கமும் நாலு ஸ்குரூ. அவ்வளவுதான். ஸ்குரூ நுனியில் பித்தளை வைத்தால் குழலில் கீறல் விழாது. சில லேத்களில் இது கூடவே வரும், இல்லாவிட்டால் கடைந்து செய்துகொள்ளலாம். புதிதாக லேத் கற்பவருக்கு இதைவிட நல்ல முதல் வேலை எனக்குத் தோன்றவில்லை.

முன்பக்கம் நாலு தாடை சக். மூன்று தாடை சக்கில் மாட்டுவது சுலபம், சாவியைத் திருகினால் மூன்றும் ஒன்றாக வந்து பிடிக்கும். ஆனால் அது பிடிக்கிற இடம் நடுவில் இருந்து 0.05 மி.மீ. விலகி நிற்பது சர்வ சாதாரணம். மேலும் குழலின் உள்துளை வெளிவட்டத்துக்குச் சரியாக நடுவில் இருக்கும் என்று நம்பக்கூடாது. நீளமான துளை போடும்போது டிரில் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப்போகும். குண்டு போவது உள்துளை வழியாக. அதனால் நடுவாகச் சுழல வேண்டியது உள்துளைதான், வெளிவட்டம் அல்ல.

இதை ஒரு தடவை கண்ணால் பார்த்தால் லேத்தில் எதற்குப் பணம் போட வேண்டும் என்பது புரிந்துவிடும். குழலின் துளைக்குள் நீளமான நுனி உள்ள டயல் இண்டிகேட்டரை, அதாவது மிகச் சிறிய விலகலையும் ஊசியால் காட்டும் கருவியை, வைக்கிறோம். ஸ்பிண்டிலைக் கையால் மெல்லச் சுற்றுகிறோம். ஊசி இந்தப் பக்கம் பதினைந்து கோடு, அந்தப் பக்கம் பதினைந்து கோடு என்று ஆடுகிறது. எதிரெதிர்த் தாடைகளில் ஒன்றைத் தளர்த்தி மற்றதை இறுக்குகிறோம். ஆட்டம் ஐந்து கோடாகக் குறைகிறது. அப்புறம் இடது பக்கம் போய் ஸ்பைடரைச் சரிசெய்துவிட்டு வந்து பார்த்தால் முன்பக்கம் மறுபடியும் விலகியிருக்கிறது. மறுபடி இங்கே, மறுபடி அங்கே. பொறுமையாகச் செய்தால் அரை மணி நேரத்தில் ஊசி இரண்டு முனையிலும் அசையாமல் நிற்கும். ஒரு தலைமுடியின் தடிமன் சுமார் 0.07 மி.மீ. இங்கே நாம் தேடுவது 0.01 மி.மீ.க்கும் கீழே. ஸ்பிண்டிலின் பேரிங்கிலேயே ஆட்டம் இருந்தால் அந்த ஊசி எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாலும் நிற்காது. அதனால்தான் துளைக்கு அடுத்தபடியாக நான் கேட்பது பேரிங்கைப் பற்றி.

இனி வேகமாகச் சில அளவுகள். சுழல்விட்டம், அதாவது பெட்டில் முட்டாமல் சுழலக்கூடிய உருப்படியின் அதிகபட்ச விட்டம், 10 முதல் 13 அங்குலம் இருந்தால் தாராளம். குழல் மெல்லியது, இதற்கு மேல் தேவையில்லை. ஒரு எச்சரிக்கை: பிரிட்டிஷ் லேத்களில் விட்டத்தைச் சொல்லாமல் மைய உயரத்தைச் சொல்வார்கள். அங்கே மூன்றரை அங்குலம் என்றால் சுழல்விட்டம் ஏழு அங்குலம். சென்டருக்குச் சென்டர் நீளம், அதாவது ஹெட்ஸ்டாக்குக்கும் டெயில்ஸ்டாக்குக்கும் நடுவே பிடிக்கக்கூடிய நீளம், 36 அங்குலம் (சுமார் 900 மி.மீ.) இருந்தால் ஸ்டெடி ரெஸ்ட் வழியிலும் வேலை செய்யலாம். பெட்டின் மொத்த நீளத்தைச் சொல்லி விற்பவர்களும் உண்டு. அதில் ஹெட்ஸ்டாக்கும் டெயில்ஸ்டாக்கும் உட்காரும் இடமும் சேர்ந்திருக்கும், ஏமாந்துவிடாதீர்கள்.

எடை? கூடுதலாக இருக்கட்டும். மினி லேத் 40 கிலோ அளவு இருக்கும், இரண்டு பேர் தூக்கிவிடலாம். 12 அங்குல லேத் அரை டன்னை ஒட்டி வரும், அதை இறக்கி வைக்கவே ஏற்பாடு வேண்டும். ஆனால் அந்த வார்ப்பிரும்பின் கனம்தான் அதிர்வை விழுங்குகிறது. வைக்க இடமும் கொண்டுவர வழியும் இருந்தால் கனமானதை எடுங்கள்.

மரை வெட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். துப்பாக்கிகளில் அங்குல மரைகள் ஏராளம். அமெரிக்க ரைஃபிளான ரெமிங்டன் 700 குழலின் பின்முனை மரை அங்குலத்துக்கு 16 புரி. ஜெர்மானிய ரைஃபிளான மாசர் 98-இல் அங்குலத்துக்கு 12, அதுவும் மரையின் கோணம் இன்று நாம் பழகிய 60 டிகிரி இல்லை, 55 டிகிரி. மெட்ரிக் நாட்டில் பிறந்த துப்பாக்கியிலும் அங்குல மரை. ஆகவே லேத் மெட்ரிக்காக இருந்தாலும் அங்குல மரை வெட்டத் தெரிந்திருக்க வேண்டும். இதைச் சாத்தியமாக்குவது 127 பல் கொண்ட ஒரு கியர். ஒரு அங்குலம் 25.4 மி.மீ., அதை ஐந்தால் பெருக்கினால் 127. அந்த ஒரு சக்கரம் இருந்தால் இரண்டு அளவுமுறைகளுக்கும் நடுவே பிசகில்லாமல் மாறலாம். கியர் பெட்டியின் மூடியில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் படியுங்கள். 12, 16, 20, 24, 28 எல்லாம் அங்குல வரிசையில் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய லேத் என்றால் மாற்று கியர்கள் எல்லாம் கூடவே இருக்கிறதா என்று எண்ணி வாங்குங்கள். தொலைந்த கியரைத் தேடி அலைவது கொடுமையான வேலை.

ஒரு நுணுக்கம். லீட் ஸ்குரூவைப் பிடிக்கும் ஹாஃப் நட்டை ஒவ்வொரு வெட்டுக்கும் திறந்து மூடுவது வழக்கம். மெட்ரிக் லீட் ஸ்குரூவில் அங்குல மரை வெட்டும்போது அதைத் திறக்கக்கூடாது. வேலை முடியும் வரை மூடியே வைத்து, டூலை வெளியே இழுத்து, மோட்டாரைப் பின்னோக்கிச் சுற்றித் திரும்பி வர வேண்டும். அப்படியானால் லேத் பின்னோக்கியும் சுற்ற வேண்டும், சக் அதற்குத் தாங்க வேண்டும். ஸ்பிண்டில் மூக்கில் மரையில் திருகி மாட்டிய சக், பின்னோக்கிச் சுமையோடு சுற்றும்போது கழன்று வரும் ஆபத்து உண்டு. சக்கைத் திருகாமல் பூட்டிப் பிடிக்கும் டி1-4 போன்ற கேம்லாக் மூக்கில் அந்தக் கவலை இல்லை, எந்தப் பக்கம் சுற்றினாலும் சக் அப்படியே நிற்கும். புதிதாக வாங்குபவருக்கு என் தேர்வு தயக்கமின்றி கேம்லாக்.

மெதுவான வேகமும் அவசியம். மரை வெட்டும்போது மரை முடிகிற இடத்தில் உருப்படியில் இருக்கும் படியை டூல் நெருங்கும் அந்தக் கடைசி நொடியில் கை லீவரைத் தட்ட வேண்டும். நிமிடத்துக்கு 60, 70 சுற்று என்றால் பதற்றமில்லாமல் செய்யலாம். ஆகக் குறைந்த வேகமே 150 என்றால் தொடக்கக்காரரின் கை அதற்கு ஈடு கொடுக்காது.

குழல் வேலையே செய்யப் போவதில்லை, பழைய துப்பாக்கிகளின் ஸ்குரூ, பின், சிறு உறுப்புகள் மட்டும்தான் என்றால்? அப்போது நான் சொன்ன பாதி விலகிவிடும். 9 அங்குலச் சிறிய லேத் போதும், 19 மி.மீ. துளையும் போதும். அங்கே வேண்டியது சிறு உருப்படிகளைச் சுற்றிலும் கவ்விப் பிடிக்கும் நல்ல காலெட் தொகுதியும், டூலைக் குறுக்காக நகர்த்தும் கிராஸ் ஸ்லைடில் ஆட்டமில்லாத திருகும். எந்த வேலை என்று முதலில் முடிவு செய்யுங்கள். பெரும்பாலானவர்கள் ஸ்குரூவில் ஆரம்பித்துக் குழலுக்கு வந்து சேர்வார்கள், அதையும் மனதில் வையுங்கள்.

பழைய லேத் வாங்குவதில் தவறே இல்லை. நன்றாகப் பராமரித்த பழையது, மலிவான புதியதை விடப் பல நேரம் மேல். பார்க்க வேண்டிய இடம் பெட்டின் இடது கோடி, சக்குக்குப் பக்கம். கேரேஜ் வாழ்நாள் முழுக்க ஓடியது அங்கேதான், தேய்மானமும் அங்கேதான். கேரேஜை அந்த இடத்தில் வைத்து, அதன் பூட்டுத் திருகை மெல்ல இறுக்கி, கையால் உருட்டினால் லேசாகத் தடுக்கிற அளவுக்குக் கொண்டுவாருங்கள். அப்படியே வலது கோடிக்கு உருட்டுங்கள். ஒரே சீராகப் போனால் நல்லது. பாதி வழியில் இறுகி நின்றுவிட்டால் சக் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பொருள். புது வண்ணம் இதை மறைக்காது.

பேரிங்கைப் பார்க்க, சக்கில் ஒரு கனமான கம்பியைப் பிடித்து, சக்கின் மேல் டயலை வைத்து, கம்பியைக் கையால் மேலே தூக்கிப் பாருங்கள். ஊசி கொஞ்சம் நகர்ந்து, விட்டதும் பழைய இடத்துக்கு வந்தால் அது கம்பியும் இரும்பும் வளைந்ததுதான். ‘டக்’கென்று ஆட்டம் கையில் தட்டுப்பட்டால் பேரிங்கைச் சரிக்கட்ட வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். அப்புறம் அரை மணி நேரம் ஓடவிட்டு ஹெட்ஸ்டாக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கலாம், கை வைக்க முடியாத சூடு கூடாது.

பணத்தை முழுக்க இயந்திரத்திலேயே செலவழித்துவிடாதீர்கள். நாலு தாடை சக், ஸ்டெடி ரெஸ்ட், டூலைப் பிடித்து விரைவாக மாற்ற உதவும் டூல் போஸ்ட், இரண்டு டயல் இண்டிகேட்டர், மைக்ரோமீட்டர், டூல்கள் என்று அடுக்கினால் லேத்தின் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். பழைய லேத்தோடு இவையும் சேர்ந்து வந்தால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் லாபம்தான்.

பாதுகாப்பில் இந்த வேலைக்கே உரிய ஒன்று உண்டு. ஸ்பிண்டிலின் இடது பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய கம்பி வேகமாகச் சுற்றும்போது திடீரென்று வளைந்து சாட்டை மாதிரி வீசும். ஸ்பைடரில் பிடிக்காமல் நீளமான எதையும் சுற்றவிடக்கூடாது, அந்தப் பக்கம் ஆள் நிற்கவும் கூடாது. கையுறை வேண்டாம், சக் சாவியைச் சக்கிலேயே விட்டு வைக்க வேண்டாம். துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று உங்கள் கண்ணால் இரண்டு தடவை பார்த்த பிறகுதான் எதையும் கழற்ற வேண்டும்.

லேத் வந்து இறங்கியதும் பெட்டை மட்டம் பார்க்க வேண்டும். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் போதாது. மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டுகிற மட்டம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் லேத்தையே கேட்டுப் பார்க்கலாம். தடிமனான கம்பி ஒன்றைச் சக்கில் மட்டும் பிடித்து, டெயில்ஸ்டாக் இல்லாமல், சக்குக்குப் பக்கத்தில் ஒரு வளையமும் 15 செ.மீ. தள்ளி ஒரு வளையமும் நிற்கும்படி நடுப்பகுதியைச் சீவிவிடுங்கள். கூர்மையான டூலால் இரண்டு வளையங்களையும் ஒரே ஓட்டத்தில், மெல்லிய வெட்டாக எடுங்கள். மைக்ரோமீட்டரில் இரண்டும் ஒரே அளவு காட்டினால் பெட் முறுக்கில்லாமல் நிற்கிறது. வித்தியாசம் இருந்தால் டெயில்ஸ்டாக் பக்கத்துக் கால்களில் ஒன்றுக்கு அடியில் மெல்லிய தகடு வைத்து மறுபடி வெட்டி அளக்க வேண்டும். அரை டன் எடையில் தரை கொஞ்சம் அமுங்கும், அதனால் சில வாரம் கழித்து அதே கம்பியில் இன்னொரு முறை வெட்டிப் பாருங்கள்.